இரண்டாம் வரிசை: நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஜாஸும் கால்பந்தும்

1980ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி அடுத்தடுத்துப் பதினான்கு ஆட்டங்களில் தோற்றது. மளிகைச் சாமான் போட்டுத் தரும் பழுப்புக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்தார்கள். உள்ளூர் விளையாட்டுச் செய்தியாளர் பட்டி டிலிபெர்டோ கிளப்பிவிட்ட யோசனை அது. அணியின் பெயரிலிருந்து முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு ‘ஏன்ட்ஸ்’ என்று பைகளில் எழுதிக்கொண்டார்கள். எதற்கும் ஆகாதவர்கள் என்று பொருள் வரும்படியான சொல். அந்தப் பருவத்தின் பதினாறு ஆட்டங்களில் அணி வென்றது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து: நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். செயின்ட்ஸ் அணி 1967இல் ஆடத் தொடங்கியது. முதல் இருபது பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருந்ததில்லை. 1987இல்தான் அது நடந்தது. இறுதிச் சுற்றுத் தகுதி ஆட்டமொன்றில் முதன்முதலாக வெல்ல 2000 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளைகளையும் அரங்கத்துக்கு அழைத்துவரும் வயதை எட்டிவிட்ட காலம் அது.

அப்படியும் அந்த ஊர் அணியைக் கைவிடவில்லை. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டவர்கள்கூட வீட்டில் இருந்துவிடவில்லை, முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். இதை வெறும் ஊர்ப்பாசம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஊர்ப்பாசம் எல்லா நகரத்திலும் உண்டு. தோல்வியைக்கூட வேடம் போட்டுக் கொண்டாடும் இந்தக் குறிப்பிட்ட வடிவம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. கால்பந்து அணி அந்த ஊருக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஜாஸின் தெருக்களில் அது உருவாகிவிட்டது என்பது என் எண்ணம்.

*

நியூ ஆர்லியன்ஸில் ‘செகண்ட் லைன்’ என்றொரு வழக்கம் இருக்கிறது. ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தாரும் அவர்கள் அமர்த்திய பிராஸ் பேண்டும் முதல் வரிசை. யாரும் அழைக்காமல் தெருவில் இறங்கி, பின்னாலேயே ஆடிக்கொண்டு வருகிற மக்கள் இரண்டாம் வரிசை. பேண்டின் பெரிய மேளமும் அதன்மேல் பூட்டிய தாளத்தட்டும் அடியை எடுத்துக் கொடுக்கும். உடம்பைச் சுற்றிக் கிடக்கும் சூசஃபோன் அடிச்சுருதியை நகர்த்திக்கொண்டு போகும். மேலே ட்ரம்பெட்டும் டிராம்போனும் பேசும். பின்னால் வருகிறவர்கள் கையில் அகப்பட்ட பாட்டிலையும் மாட்டுமணியையும் தட்டிக்கொண்டு சேர்ந்துகொள்வார்கள்.

இந்தச் சங்கங்களுக்குக் கறுப்பின மக்களின் வாழ்க்கைப்பாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகும் காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களை ஒதுக்கின. ஆகவே சந்தா சேர்த்து, உறுப்பினரின் வைத்தியச் செலவையும் அடக்கச் செலவையும் தாங்களே ஏற்கும் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். 1884இல் தொடங்கிய ‘யங் மென் ஒலிம்பியன் ஜூனியர்’ சங்கம் இன்றும் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் பேண்ட் வைத்து வழியனுப்புவது சங்கத்தின் கடமை. கல்லறைக்குப் போகும்போது சின்ன மேளத்தின் கம்பிகளைத் தளர்த்தி ஓசையை அடக்கி, துதிப்பாடல்களை மெதுவாக வாசிப்பார்கள். உடல் மண்ணுக்குள் போனதும், சற்றுத் தள்ளி வந்து கம்பிகளை இறுக்குவார்கள். மேளம் சடசடவென்று பேசத் தொடங்கும், நடை மாறும், கூட்டம் ஆடும். துக்கமும் ஆட்டமும் ஒரே ஊர்வலத்தின் போகும் வழியும் வரும் வழியுமாக இருந்தன.

லூயி ஆம்ஸ்ட்ராங் இந்த இரண்டாம் வரிசையிலிருந்து வந்தவர். சிறுவனாக ஊர்வலங்களின் பின்னால் ஓடிய நாட்களைப் பற்றி 1954இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டு, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கே கார்னெட் கற்று, இல்லத்தின் பேண்டோடு தன் பழைய பேட்டை வழியாகவே நடந்தார். பின்னால் ஓடிய பையன் முன்னால் வாசித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, ஏழைகளும் சூதாடிகளும் தெருப்பெண்களும் காசை அள்ளிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் ரசிகனுக்கும் கலைஞனுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான், நாலு தப்படி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர்கள் இசையை மாற்றினார்கள். 1970 வாக்கில் பிராஸ் பேண்டுகள் முதியவர்களின் கலையாகச் சுருங்கியிருந்தன. நியூயார்க்கில் நெடுங்காலம் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய பாஞ்சோ கலைஞர் டேனி பார்க்கர், ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு பேண்ட் அமைத்தார். 1977இல் டர்ட்டி டஸன், 1983இல் ரீபர்த் என்று அடுத்தடுத்துப் புதிய குழுக்கள் கிளம்பின. ரீபர்த்தை ஆரம்பித்தவர்கள் ட்ரெமே பகுதியின் பள்ளி மாணவர்கள். பிரெஞ்சு குவார்ட்டரில் சுற்றுலாப் பயணிகள் போடும் சில்லறைக்கு வாசித்து வளர்ந்தவர்கள். பழைய ஊர்வல நடையோடு ஃபங்க் இசையின் வேகத்தைக் கலந்தது யாருக்காக? தெருவில் ஆடிய இளைஞர்களின் காலுக்காக. அந்தக் காலின் வேகம் கூடக் கூட இசையின் வேகமும் கூடியது.

*

எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது, நடக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1724இல் லூசியானாவுக்கு வந்த அடிமைச் சட்டத் தொகுப்பு ஞாயிறு வேலையைத் தடைசெய்தது. கிடைத்த ஒரு நாளில் அடிமைகள் சந்தை வைத்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். 1817இல் நகராட்சி அவர்கள் கூடுவதற்கு ஒரே இடத்தை ஒதுக்கியது. அதுவே காங்கோ சதுக்கம். நகருக்குக் குடிநீர் ஆலை கட்ட வந்திருந்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் 1819இல் அங்கே ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக ஆடுவதைக் கண்டு, மேளங்களையும் நரம்புக் கருவியையும் படம் வரைந்து வைத்தார். அவருக்கு அந்த இசை பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் குறிப்பு இல்லையென்றால் ஜாஸின் முன்கதையில் நமக்கு ஒரு பெரிய பக்கம் குறைந்திருக்கும்.

இன்றைய சங்கங்களின் ஊர்வலங்களும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை பெரும்பாலும் ஞாயிறுதோறும்தான் நடக்கின்றன, ஏறத்தாழ நான்கு மணி நேரம். தேசியக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டங்களும் பெரும்பாலும் ஞாயிறு பகலில்தான். செப்டம்பர் முதல் ஜனவரி வரை இரண்டும் ஒரே பகலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஊர்வலம் மதுக்கடைகளில் நின்று நின்று போகும் வழக்கம் இதற்கு வசதியாகிவிட்டது: நிற்குமிடத்தில் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கறுப்பும் தங்கமும் கலந்த அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேண்டின் பின்னால் ஆடுகிறவரிடம் நீங்கள் இசை ரசிகரா, கால்பந்து ரசிகரா என்று கேட்டால், கேள்வியே அவருக்குப் புரியாது.

ஜாஸையும் கால்பந்தையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக வேறொன்றைச் சொல்வார்கள். பந்தை வாங்கி ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் திட்டத்தை மாற்றிக் குரல் கொடுப்பதும், ஜாஸ் கலைஞர் மேடையிலேயே கற்பனையாக வாசிப்பதும் ஒன்றுதான் என்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தொழில்முறைக் கால்பந்து உலகத்திலேயே மிகக் கறாராக எழுதிவைத்து ஆடப்படும் ஆட்டங்களில் ஒன்று. 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலி வைத்து, பயிற்சியாளர் ஒவ்வொரு ஆட்டத்திட்டத்தையும் காதில் ஓதுகிறார். தனியாவர்த்தனம் வாசிக்கும் ஜாஸ் கலைஞர் காதில் யாரும் ஓதுவதில்லை. உறவு ஆடுகிறவர்கள் பக்கம் இல்லை, பார்க்கிறவர்கள் பக்கம் இருக்கிறது. எதிரணி பந்தோடு நிற்கும்போது அரங்கமே கத்தும். அவர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் குறிச்சொல் காதில் விழாது, அவசரப்பட்டு முன்கூட்டி அசைவார்கள், அதற்கு ஐந்து கஜம் தண்டனை. தன் அணியிடம் பந்து வந்ததும் அதே கூட்டம் அடங்கிவிடும். எப்போது ஒலிப்பது, எப்போது ஓய்வது என்று அறிந்த கூட்டம் அது. எழுபதாயிரம் பேர் அமரும் மூடிய கூரை அரங்கத்தில் இந்த ஒலி ஆட்டத்தையே திருப்பும்.

*

இந்த இரண்டு ரசனைகளின் நடுவே நிறவெறியின் கதை ஓடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் எழுதியது பொய்யாகும்.

1949 மார்டி கிராஸ் திருவிழாவில் ஆம்ஸ்ட்ராங் கறுப்பினத்தவரின் ஊர்வலச் சங்கமான ஜூலுவின் அரசராகத் தன் ஊரில் பவனி வந்தார். 1956இல் லூசியானா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடுவது, கேளிக்கைகளில் கலந்துகொள்வது, விளையாட்டுப் போட்டிகளில் மோதுவது எல்லாவற்றையும் அந்த ஒரே சட்டம் தடுத்தது. இசை மேடைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒரே பூட்டு. இரு நிறத்தவரும் இருந்த தன் குழுவோடு வாசிக்க முடியாத ஊருக்கு வர மாட்டேன் என்று ஆம்ஸ்ட்ராங் ஒதுங்கினார். ஒரு குத்துச்சண்டை வீரர் தொடுத்த வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுத் தடையைச் செல்லாததாக்கிய தீர்ப்பை உறுதிசெய்தது. 1964இன் குடிமை உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1965இல்தான் ஆம்ஸ்ட்ராங் மீண்டும் தன் ஊரில் வாசித்தார்.

அதே 1965இன் ஜனவரியில் அமெரிக்கன் கால்பந்துக் கழகத்தின் நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸின் துலேன் அரங்கத்தில் நடப்பதாக இருந்தது. தொழில்முறை அணியை ஏற்க ஊர் தயார் என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. வந்திறங்கிய கறுப்பின வீரர்களை வாடகை வண்டிகள் ஏற்றிக்கொள்ளவில்லை, இரவு விடுதிகள் உள்ளே விடவில்லை. இருபத்தொரு கறுப்பின வீரர்களும் கூடிப் பேசி, இங்கே ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாறியது. கலைஞர் ஒருவரும் வீரர்கள் இருபத்தொருவரும் தங்கள் மறுப்பால் அந்த நகரத்துக்குப் பாடம் கற்பித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் கால்பந்தின் வரலாறு முதல் அணியிலிருந்து தொடங்கவில்லை, இந்த மறுப்பிலிருந்து தொடங்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

அணி கிடைத்தது அரசியலால். இரண்டு போட்டிக் கால்பந்துக் கழகங்கள் ஒன்றாக இணைய நாடாளுமன்றத்தின் சட்ட விலக்கு தேவைப்பட்டது. அதை முன்னின்று நிறைவேற்றித் தந்தவர்கள் லூசியானாவின் செனட்டர் ரஸல் லாங், பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஹேல் பாக்ஸ். கைம்மாறாக நகரத்துக்கு ஒரு அணி. அறிவித்த நாள் 1966 நவம்பர் 1, கத்தோலிக்கர்கள் சகல புனிதர்களையும் நினைவுகூரும் பெருநாள். ஆம்ஸ்ட்ராங் 1938இல் ஒலிப்பதிவு செய்து உலகறியச் செய்த, புனிதர்கள் அணிவகுத்து வருவதைப் பாடும் பழைய தேவாலயப் பாட்டு ஏற்கெனவே ஊரின் அடையாளம். ‘புனிதர்கள்’ என்று கால்பந்து அணிக்குப் பெயர் வைத்தால் தெய்வ நிந்தனையாகுமா என்று பேராயரிடம் கேட்டு, அவர் தடை சொல்லாத பிறகே பெயர் உறுதியானது. அணியின் பங்குதாரர்களில் ஒருவர் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் அல் ஹர்ட். இசைக் கலைஞர் ஒருவர் பங்கு வைத்திருக்க, ஜாஸ் பாட்டின் பெயரைச் சூடிப் பிறந்த தொழில்முறை அணி இது.

அதே 1966இல் ட்ரெமேயில் வேறொன்றும் நடந்தது. கிளைபோர்ன் அவென்யூவின் நடுவே வரிசை வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டினார்கள். கறுப்பின மக்களின் கடைவீதியும் திருவிழாக் களமுமாக இருந்த அந்த நிழல் போய், மேலே நெடுஞ்சாலைப் பாலம் வந்தது. காங்கோ சதுக்கத்தை ஒட்டிய வீடுகளும் இடிபட்டன. ஆம்ஸ்ட்ராங் பிறந்த வீட்டையோ 1964இலேயே இடித்துவிட்டார்கள். ஜாஸின் பெயரை அணிக்குச் சூட்டிய நகரம், ஜாஸ் வளர்ந்த பேட்டைகளை அதே கையால் அழித்துக்கொண்டிருந்தது. ஊர்வலங்கள் மட்டும் நிற்கவில்லை. கான்கிரீட் கூரையில் மோதித் திரும்பும் ட்ரம்பெட் ஒலிக்காகவே இன்றும் பேண்டுகள் அந்தப் பாலத்தடியில் நின்று வாசிக்கின்றன. கூட்டம் மிக உற்சாகமாக ஆடும் இடங்களில் அது ஒன்று.

*

தொழில்முறைக் கால்பந்தின் மிகப் பெரிய மேடையான சூப்பர் பௌல் தொடக்க காலத்தில் அடிக்கடி இந்த ஊருக்கு வந்தது. அதன் இடைவேளை நிகழ்ச்சிகளைப் பார்த்தால், ஜாஸ் ரசிகருக்கு நெஞ்சு நிறையும். 1972 ஜனவரியில் துலேன் அரங்கத்தில், ஆறு மாதம் முன்பு காலமான ஆம்ஸ்ட்ராங்குக்கு அஞ்சலியாக எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாட, அல் ஹர்ட் வாசித்தார். 1975 ஜனவரியில் அதே அரங்கத்தில், முந்திய ஆண்டு மறைந்த டியூக் எல்லிங்டனுக்கு அவர் மகன் மெர்சர் எல்லிங்டன், கிராம்ப்ளிங் பல்கலைக்கழக பேண்டோடு சேர்ந்து அஞ்சலி செலுத்தினார். இன்று உலகப் புகழ் பெற்ற பாப் நட்சத்திரங்களுக்கே உரிய அந்தப் பதினைந்து நிமிடங்கள் ஒரு காலத்தில் ஜாஸின் நினைவேந்தலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

அணியின் சொந்தப் பெருமைகள் அப்போது சொற்பம். 1970 நவம்பர் 8 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராக, கடைசி நொடியில் டாம் டெம்ப்சி 63 கஜத் தொலைவிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 19-17 என்று வெல்ல வைத்தார். பிறவியிலேயே வலது காலில் விரல்களும் வலது கையில் விரல்களும் இல்லாதவர். அந்தச் சாதனையை 2013 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. மழை பெய்யாத ஊரில் பெய்த ஒரு மழையைப் போல, அந்த உதையைப் பற்றியே ஊர் முப்பது வருடம் பேசியது.

பிறகு 2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயலில் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. 1975இல் திறந்த, அணியின் மூடிய கூரை அரங்கமான சூப்பர்டோம் பல்லாயிரம் பேருக்கு அடைக்கலமானது. கூரை பிய்ந்து, மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல், நாட்கணக்கில் வெக்கையில் மக்கள் அங்கே கிடந்தார்கள். அணி அந்தப் பருவம் முழுதும் வேறு ஊர்களில் ஆடியது. டெக்சஸின் சான் அந்தோனியோவுக்கே நிரந்தரமாகப் போய்விடுமோ என்ற அச்சம் ஊரில் பரவியது. பேண்டுக்காரர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினார்கள். 2000 கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த நகரத்தில் 2010இல் இருந்தவர்கள் 3,43,829 பேர்.

2006 செப்டம்பர் 25, திங்கட்கிழமை இரவு சூப்பர்டோம் மீண்டும் திறந்தது. ஆலன் டூசான் பியானோ வாசிக்க, இர்மா தாமஸ் தேசிய கீதம் பாடினார். இருவரும் அந்த ஊரின் இசையை உருவாக்கியவர்கள். உலகப் புகழ் பெற்ற ராக் குழுக்கள் இரண்டு வந்திருந்தன. அவர்களோடு ரீபர்த், நியூ பர்த் பேண்டுகளும் வாசித்தன. ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிடத்தில், அட்லாண்டா அணி காலால் உதைத்துத் தள்ள முயன்ற பந்தை ஸ்டீவ் கிளீசன் பாய்ந்து கையால் தடுத்தார். பந்து உருண்டு எல்லைக்குள் போக, கர்ட்டிஸ் டிலோட்ச் அதன்மேல் விழுந்தார். டச்டவுன்: செயின்ட்ஸுக்குப் புள்ளிகள். அந்தப் பதிவில் வர்ணனையாளர்களின் குரலைவிட அவர்கள் பேசாமல் விட்ட இடைவெளியையே நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அரங்கத்தின் ஓலம் மட்டும் ஒலிக்கும். ஓராண்டு முன்பு அதே கூரையின் கீழ் கிடந்த நகரத்தின் குரல் அது. கம்பி தளர்ந்திருந்த மேளத்தை யாரோ இறுக்கியதைப் போல இருக்கும். 23-3 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் நினைவாக, கிளீசன் பந்தைத் தடுக்கும் காட்சி 2012இல் வெண்கலச் சிலையாக அரங்கத்தின் வெளியே எழுந்தது. சிலையின் பெயர் ‘ரீபர்த்’, மறுபிறப்பு.

அரங்கத்தைச் சீர்செய்ய ஏறத்தாழ 18.5 கோடி டாலர் செலவானது, அதில் பெரும்பங்கு அரசுப் பணம். வீடிழந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் இருந்தபோது விளையாட்டு அரங்கத்துக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தும் அரங்கத்தைத் திறந்தது சரியென்றே சொல்வேன், ஏனென்றால் ஊர் இன்னும் இருக்கிறது என்று சிதறிப்போனவர்களுக்குச் சொல்ல அந்த இரவு வேண்டியிருந்தது. மன்னிக்க முடியாதது வேறு. அதே 2006 ஜனவரியில் பல சங்கங்கள் ஒன்றுகூடி ஊர் திரும்பும் பெரிய ஊர்வலம் நடத்தின. முடிவில் அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைக் காரணம் காட்டி, ஊர்வலங்களுக்கான போலீஸ் பாதுகாப்புக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். சங்கத்து உறுப்பினர்களில் பலர் வீடே இல்லாதவர்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள், 2007இல் கட்டணம் குறைந்தது. அந்த அக்டோபரிலேயே, மறைந்த டியூபா கலைஞர் ஒருவருக்காக ட்ரெமேயில் வாசித்துக்கொண்டு போன ஊர்வலத்துக்குள் போலீஸ் புகுந்து, இசைக்கலைஞர்கள் இருவரைக் கைதுசெய்தது. நுழைவுச்சீட்டு விற்கும் கூட்டத்துக்கு அரசு கூரை போட்டுத் தந்தது; சீட்டில்லாமல் தெருவில் கூடிய கூட்டத்திடம் கட்டணம் கேட்டது. முன்னதின் உயிரே பின்னதிலிருந்து வந்தது என்பதை அதிகாரத்தில் இருந்தவர்கள் உணரவில்லை.

உரிமைப் பிரச்சினை 2010இல் வேறு வடிவில் வந்தது. எங்கள் அணியை வெல்லப்போவது எவன் என்று சவால்விடும் ‘ஹூ டேட்’ முழக்கம் செயின்ட்ஸ் ரசிகர்களின் அடையாளம். 1983இல் ஆரோன் நெவில் பாடி, அணி வீரர்களும் குரல் கொடுத்த பதிவு அதைப் பரப்பியது. அந்தச் சொல்லோ அதைவிட மிகப் பழையது. கறுப்பினப் பேச்சைக் கேலிசெய்த மேடைகளில் தோன்றி, வாடவில் நிகழ்ச்சிகளிலும் ஜாஸ் குழுக்களின் கேள்வி-பதில் பாட்டிலும் புழங்கி, ஊர் வாய்க்கு வந்தது. 2010 ஜனவரியில், அந்தச் சொல்லை அச்சிட்டுச் சட்டை விற்ற சிறு கடைக்காரர்களுக்குக் கால்பந்துக் கழகம் வணிகக்குறி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஊரே கொதித்தது. அணியின் மற்ற சின்னங்களோடு சேர்த்து விற்றால்தான் ஆட்சேபம் என்று கழகம் இறங்கிவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெருவில் கிடந்த சொல்லுக்கு ஒரு நிறுவனம் பட்டா கேட்ட கதை இது.

சில நாட்களில், பிப்ரவரி 7 அன்று, செயின்ட்ஸ் 31-17 என்று சூப்பர் பௌலை வென்றது. தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அவர் தந்தை ஆர்ச்சி மானிங், தோல்வியே கண்ட அந்த முதல் காலத்தில் செயின்ட்ஸ் அணிக்காகப் பத்தாண்டுக்கு மேல் அடிபட்டவர். காகிதப் பை யோசனையைச் சொன்ன டிலிபெர்டோ, இந்த அணி சூப்பர் பௌலுக்குப் போனால் பெண்களின் கவுன் உடுத்தித் தெருவில் வருவேன் என்று சபதம் செய்திருந்தார். 2005 ஜனவரியில் காலமாகிவிட்டார். அணி தகுதி பெற்றதும் ஆயிரக்கணக்கான ஆண்கள் கவுன் உடுத்தி, முன்னாள் குவார்ட்டர்பேக் பாபி ஹீபர்ட் முன்னால் வர, பேண்ட் வைத்து அவர் சபதத்தை நிறைவேற்றினார்கள். இறந்தவர் வாக்கை இருப்பவர்கள் தெருவில் ஆடித் தீர்ப்பது கால்பந்துப் பழக்கம் அல்ல, ஜாஸ் ஊரின் பழக்கம்.

2019 ஜனவரியில் நடுவர்கள் ஒரு தெளிவான தவறைக் கவனியாமல் விட்டதால், செயின்ட்ஸ் இறுதி ஆட்ட வாய்ப்பை இழந்தது. சூப்பர் பௌல் நடந்த ஞாயிறு நாடே அதைப் பார்த்தபோது, நியூ ஆர்லியன்ஸ் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தெருவில் பேண்ட் வைத்துக் கூடியது. மறுநாள் காலை உள்ளூர் நாளிதழின் முதல் பக்கம் ஏறக்குறைய வெற்றுத்தாளாக வந்தது; எந்த சூப்பர் பௌல் என்று கேட்கும் சின்ன வரி மட்டும் அச்சாகியிருந்தது. 1965இல் ஒருமுறை வீரர்கள் அந்த ஊரில் ஆட மறுத்தார்கள். இம்முறை ஊரே பார்க்க மறுத்தது.

2020இன் மார்டி கிராஸ் முடிந்த கையோடு கொரோனா அந்த நகரத்தைப் பிடித்தது. ஜூலு சங்கத்தில் மட்டும் பலர் இறந்தார்கள். ஏப்ரல் 1 அன்று, பிள்ளைகள் நால்வரையும் பெருந்தொகை மாணவர்களையும் ஜாஸுக்குத் தந்த பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் 85 வயதில் காலமானார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, அதே நகரத்தில், அதே நோயில், 73 வயதில் டாம் டெம்ப்சி இறந்தார். கூட்டம் கூடத் தடை இருந்த நாட்கள் அவை. இருவருக்கும் பேண்ட் வைக்க முடியவில்லை, இரண்டாம் வரிசை நடக்கவில்லை.